இழுத்துக்கினு போறதுக்கு எதுக்குப் புது டயரு?

திருவண்ணாமலையைச் சுற்றி எந்த டயர் கடை வாசலில் அரை மணி நேரம் நின்றாலும் இந்த வசனம் காதில் விழும். டிராக்டர்காரர் வருவார். டிரெய்லரில் ஒரு டயர் போயிருக்கும். கடைக்காரர் புது டயர் விலை சொல்லுவார். உடனே பதில் வரும்: "இழுத்துக்கினு போறதுக்கு எதுக்குண்ணா புது டயரு? லாரில கழட்டினது ஏதாவது கெடந்தா போடு." கடைக்காரரும் மறுபேச்சு பேசாமல் பின்பக்கம் போய், மழையிலும் வெயிலிலும் கிடந்த குவியலில் இருந்து ஒன்றை உருட்டிக்கொண்டு வருவார். கொஞ்சம் பட்டன் மிச்சம் இருக்கும். இரண்டு பேருக்கும் திருப்தி. வியாபாரம் முடிந்தது.

மக்களே, இந்த ஒரு வசனம் தப்பு. முழுக்கத் தப்பு. இழுக்கிற வண்டிக்கு நல்ல டயர், இழுபடுகிற வண்டிக்குக் கழித்துப் போட்ட டயர் என்கிற வழக்கம் சிக்கனமும் இல்லை, சாமர்த்தியமும் இல்லை. ஆபத்தை ரோட்டில் போகிற அடுத்தவன் தலையில் இறக்கி வைக்கிற வேலை. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், டிரெய்லர் என்ன செய்கிறது?

ஏதோ வயலுக்கு எரு கொண்டு போகிற வண்டி என்று நினைத்தால் நீங்கள் இன்னும் இருபது வருஷம் பின்னால் இருக்கிறீர்கள். இந்த மாவட்டத்தில் டிராக்டருக்குப் பின்னால் போகாத பொருளே கிடையாது. நெல் மூட்டை, மணிலா மூட்டை, செங்கல், ஜல்லி, மணல், வைக்கோல், சென்ட்ரிங் பலகை எல்லாம் அதில்தான். சீசன் வந்தால் கரும்பு. செய்யாறு கூட்டுறவு ஆலைக்கும், தென்பெண்ணையைத் தாண்டி மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கும் வானத்தைத் தொடுகிற மாதிரி கரும்பை ஏற்றிக்கொண்டு ராத்திரியெல்லாம் வண்டிகள் போகும். கோடை வந்தால் தண்ணீர்த் தொட்டி. கல்யாணம், கூழ் ஊற்றுதல் என்றால் (கூடாது என்று எல்லாருக்கும் தெரியும், ஆனாலும்) பெட்டி நிறைய ஆட்கள்.

இது எல்லாம் எந்த ஊருக்குள் நடக்கிறது என்பதையும் யோசியுங்கள். மாசாமாசம் பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கான பேர் வெறும் காலோடு நடக்கிற ஊர் இது. கார்த்திகை தீபம் என்றால் கேட்கவே வேண்டாம். போளூர் ரோடு, செங்கம் ரோடு, வேட்டவலம் ரோடு, திருக்கோவிலூர் ரோடு என்று எந்தப் பக்கமிருந்து ஊருக்குள் வந்தாலும் ரோட்டோரம் ஆள் நடமாட்டம் இருந்துகொண்டே இருக்கும். இங்கே ஐந்து டன்னைச் சுமந்துகொண்டு போகிற டயர் வெடித்தால் வண்டி எந்தப் பக்கம் சாயும் என்பதை டிரைவர் முடிவு செய்ய முடியாது. அந்தப் பக்கம் யார் நடந்துகொண்டிருக்கிறார்கள் என்பதையும் முடிவு செய்ய முடியாது.

பட்டனைப் பார்த்து ஏமாறாதீர்கள்

பழைய டயர் வாங்குகிறவர்கள் எல்லாரும் பார்ப்பது ஒன்றே ஒன்று: பட்டன். கட்டை விரலை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு "ம்... பாதி இருக்கு" என்பார்கள். லாரிக்கு இது ஓரளவு சரி. லாரி தினமும் ஓடுகிறது. அதன் டயர் தேய்ந்துதான் சாகும்.

டிரெய்லர் கதை வேறு. கரும்பு சீசனில் நாலைந்து மாசம் ஓடும். மிச்ச நாளெல்லாம் களத்து மேட்டில், வேப்ப மரத்தடியில், பல நேரம் பாதி லோடோடு அப்படியே நிற்கும். நிற்கிற டயருக்கு வயதாகாது என்று யார் சொன்னது? வெயில், காற்றில் உள்ள ஓசோன், சூடு எல்லாம் சேர்ந்து ரப்பரைக் காய வைக்கும். பக்கச்சுவரில் மயிரிழை மாதிரி வெடிப்பு விழும். உள்ளே நூல் அடுக்குக்கும் ரப்பருக்கும் இருக்கிற பிடிப்பு தளரும். காற்று இறங்கிய நிலையில் மாசக்கணக்கில் நின்றால், தரையில் பதிந்த இடத்தில் மடிந்து நூல் அடுக்கு நசுங்கும். பட்டன் மட்டும் அப்படியே இருக்கும், ஏனென்றால் வண்டி ஓடவே இல்லையே! ஆக, டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதை விட வயதாகித்தான் சாகிறது. அதன் பட்டனைப் பார்ப்பது, கிழவரின் தலைமுடியைப் பார்த்து இதய நோய் இல்லை என்று சொல்கிற மாதிரி.

வயதைக் கண்டுபிடிக்க ஜோசியம் பார்க்க வேண்டாம். பக்கச்சுவரிலேயே எழுதியிருக்கிறது. நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருஷம். 2319 என்று இருந்தால் 2019-ஆம் வருஷம் 23-வது வாரம் செய்தது. வாங்குகிற பழைய டயரில் 0912 என்று இருந்தால் அது 2012 மார்ச் வாக்கில் பிறந்தது. அந்த எண்ணே இல்லாமல் தேய்ந்து போயிருந்தால் அல்லது யாரோ சுரண்டி எடுத்திருந்தால் பேரமே பேசாமல் திரும்பி வந்துவிட வேண்டியதுதான்.

"வயசானா என்ன, பட்டன் இருக்கே" என்பவர்களுக்கு ஒரு நிஜக் கதை. 2012 செப்டம்பரில் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில், ஒரு இசை விழாவுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த பஸ்ஸின் முன் டயர் வெடித்தது. பஸ் மரத்தில் மோதி 3 பேர் செத்தார்கள். அந்த டயரின் வயது என்ன தெரியுமா? 19 வருஷம்! அப்போது அங்கே டயர் வயதுக்குச் சட்டமே இல்லை. மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் வருஷக்கணக்கில் போராடினார். கடைசியில் 2021 பிப்ரவரி 1 முதல், லாரி, பஸ்களின் முன் அச்சில் 10 வருஷத்துக்கு மேற்பட்ட டயர் போடக் கூடாது என்று அந்த அரசு சட்டம் கொண்டுவந்தது.

நம்ம ஊரில்? 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 94-வது விதி டயரைப் பற்றிப் பேசுகிறது. நூல் வெளியே தெரியக் கூடாது, புடைப்பு இருக்கக் கூடாது, பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது (இருசக்கர, மூன்று சக்கர வண்டிக்கு 0.8) என்கிறது. நல்ல விதிதான். ஆனால் வயதைப் பற்றி அதில் பேச்சில்லை. வயதாகிச் சாகிற டிரெய்லர் டயரை, தேய்ந்து சாகிற டயருக்கான அளவுகோலை வைத்து அளக்கிறார்கள்.

டிரைவருக்குத் தெரியாது, அதுதான் வில்லங்கம்

அமெரிக்காவில் பஸ் அளவுக்கு ஒரு வீட்டு வண்டியை வைத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள் உண்டு. (நம்ம சினிமாக்காரர்களின் கேரவனை நினைத்துக்கொள்ளுங்கள்.) போகிற இடத்தில் கடைக்குப் போய்வர ஒரு சின்னக் காரையும் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். அந்தக் காரில் ஆளே கிடையாது. ஆனாலும் அந்தக் காரின் டயர் விஷயத்தில் அவர்கள் ரொம்பக் கறார். காற்று இறங்கினால் டிரைவர் முன்னால் எச்சரிக்கை கொடுக்கிற மாதிரி ஒவ்வொரு சக்கரத்திலும் சின்ன சென்சார் மாட்டிக்கொள்கிறவர்கள் பலர். காரணம் எளிமையானது. நாம் உட்கார்ந்திருக்கிற வண்டியில் காற்று இறங்கினால் ஸ்டியரிங் இழுக்கும், உடம்பு உணரும். இழுபடுகிற வண்டியில் இறங்கினால் ஒன்றுமே தெரியாது. டயர் கிழிந்து தீப்பொறி பறந்த பிறகு, பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்துச் சொன்னால்தான் உண்டு. அங்கே டிரெய்லருக்கென்றே தனி வகை டயர் செய்து, பக்கச்சுவரில் எஸ்.டி. என்று எழுத்துப் போட்டு விற்கிறார்கள். இழுபடும் வண்டிக்கு ஒரு தனித் தேவை இருக்கிறது என்று ஒத்துக்கொண்டதன் அடையாளம் அது.

இப்போது நம்ம டிராக்டருக்கு வாருங்கள். எஞ்சின் சத்தம் ஒரு பக்கம். ஸ்பீக்கரில் பாட்டு இன்னொரு பக்கம். பின்னால் பார்த்தால் கரும்பு மலை. பக்கக் கண்ணாடி பெரும்பாலும் இருக்காது. டிரெய்லரின் இடது பக்க டயரில் காற்று பாதியாகிவிட்டது என்று அந்த டிரைவருக்கு யார் சொல்வார்கள்? காற்றுக் குறைந்த டயர் உருளும்போது பக்கச்சுவர் மடங்கி மடங்கி விரியும். அந்த மடங்கலில் சூடு ஏறும். சூடு ஏற ஏற ரப்பர் அடுக்கு பிரியும். சித்திரை வெயிலில் தார் ரோடு கொதிக்கும்போது இது இன்னும் வேகம். கடைசியில் டமால்.

இந்தச் சூட்டுக் கதை ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2000-ஆம் வருஷம் ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் கம்பெனி 65 லட்சம் டயரைத் திரும்பப் பெற்றது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஓடும்போதே பட்டன் அடுக்கு பிரிந்துகொண்டு போய்ப் பல உயிர்கள் போயின. டயர் தயாரிப்பில் குறையா, 26 பி.எஸ்.ஐ. காற்றுப் போதும் என்று ஃபோர்டு சொன்னது குறையா என்று இரண்டு கம்பெனியும் அடித்துக்கொண்டன. அவ்வளவு பெரிய கம்பெனிகளே காற்று அளவுக்குச் சண்டை போடுகின்றன. இங்கே டிரெய்லருக்கு எவ்வளவு காற்று என்று கேட்டால், டயரைக் காலால் உதைத்துப் பார்த்து "போதும்" என்கிறார்கள்!

இத்தனைக்கும் இழுபடும் வண்டியை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உலகத்துக்கே சொல்லிக்கொடுக்கிற ஊர் இது. தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் மாட வீதியில் தேர் வருவதைப் பார்த்திருப்பீர்கள். வடம் பிடிக்க ஆயிரக்கணக்கான கை. ஆனால் சக்கரத்துக்குப் பக்கத்தில், கையில் கட்டையோடு, வேறெதையும் பார்க்காமல் சக்கரத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு நடக்கிறவர்கள் சிலர் உண்டு. தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அவர்கள்தான். வடம் பிடிக்கிறவனுக்குப் பின்னால் சக்கரத்தில் என்ன நடக்கிறது என்று தெரியாது என்பதை முன்னோர்கள் புரிந்து வைத்திருந்தார்கள். பழுது பார்த்த தேரை வெள்ளோட்டம் விடாமல் திருவிழாவுக்கு இழுப்பதும் இல்லை. சாமி ஏறுகிற வண்டிக்கு இவ்வளவு, ஆசாமி பக்கத்தில் நடக்கிற வண்டிக்கு ஒன்றும் இல்லை. :-)

கட்டை பிடிக்கிற ஆளையோ சென்சாரையோ டிரெய்லருக்கு வைக்க எல்லாராலும் முடியாது. அப்படியானால் மிச்சம் இருக்கிற ஒரே பாதுகாப்பு டயரின் உடம்பு. கண்காணிக்க முடியாத இடத்தில்தான் நம்பகமான பொருளைப் போட வேண்டும். வழக்கத்தில் நடப்பதோ நேர் தலைகீழ்.

"டிரெய்லருக்கு எஞ்சினே இல்லையே, பட்டன் எதுக்கு?"

இது புத்திசாலித்தனமான கேள்வி மாதிரி தெரியும். டிரெய்லர் சக்கரம் வண்டியைத் தள்ளுவதில்லை. பல டிரெய்லரில் பிரேக்கும் கிடையாது. அதனால் பிடிமானம் அவ்வளவு முக்கியமில்லை என்று வாதம். (வளைவில் பக்கவாட்டில் சறுக்காமல் இருக்கவும் பிடிமானம் வேண்டும் என்பதைத் தற்காலிகமாக மறந்துவிடுவோம்.) சரி, ஒத்துக்கொள்ளலாம். ஆனால் டிரெய்லர் டயரின் முதல் வேலை சுமப்பது. சுமப்பது பட்டனா? இல்லை. உள்ளே இருக்கிற நூல் அடுக்கும் காற்றும். கழித்துப் போட்ட டயரில் முதலில் கெட்டுப் போயிருப்பது அந்த நூல் அடுக்குதான்!

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தண்ணீர்த் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் எடையில் பொய் சொல்லாது. 5,000 லிட்டர் என்றால் 5,000 கிலோ. தொட்டியும் சட்டமும் ஒரு பேச்சுக்கு 1,200 கிலோ. மொத்தம் 6,200. இரண்டு சக்கர டிரெய்லரில் இதில் ஒரு பங்கு டிராக்டர் கொக்கியில் இறங்கும், 700 கிலோ என்று வையுங்கள். மிச்சம 5,500 கிலோ. இரண்டு டயர். ஒரு டயருக்கு 2,750 கிலோ.

இப்போது டயரின் பக்கச்சுவரைப் படியுங்கள். 140/137 என்கிற மாதிரி இரண்டு எண் இருக்கும். முதலாவது ஒற்றை டயராகப் போட்டால் எவ்வளவு சுமை, இரண்டாவது லாரியின் பின்பக்கம் மாதிரி ஜோடியாகப் போட்டால் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்பதற்கான குறியீடு. 140 என்றால் 2,500 கிலோ. 144 என்றால் 2,800. 146 என்றால் 3,000. ஆக 140 போட்ட டயர், அது பிறந்த அன்றைக்கே, இந்தத் தொட்டிக்குக் கால் டன் குறைவு. பத்து வருஷம் லாரியில் உழைத்துவிட்டு, இரண்டு பஞ்சர் ஒட்டி, குவியலில் கிடந்து வந்த 140 எவ்வளவு தாங்கும் என்று எந்தக் கம்பெனியும் எழுதித் தராது.

"மெதுவாப் போனா அதிகம் தாங்கும்" என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். உண்மைதான், வேகம் குறைந்தால் கூடுதல் சுமைக்கு டயர் கம்பெனிகளே அட்டவணை போட்டு அனுமதி தருகின்றன. ஆனால் அந்த அட்டவணை நல்ல டயருக்கு, முழுக் காற்றுக்கு. அதுவும் போக, இப்போதைய டிராக்டர்கள் எங்கே மெதுவாகப் போகின்றன? லோடை இறக்கிவிட்டுத் திரும்பும்போது பைக்கோடு போட்டி போடுகின்றன. விவசாய டயரில் ஏ8 என்று எழுத்து இருந்தால் மணிக்கு 40 கிலோமீட்டர் வரைதான் என்று அர்த்தம். அதைப் படித்தவர் எத்தனை பேர்?

பிளை கணக்கிலும் ஒரு குழப்பம் உண்டு. 14 பிளை, 16 பிளை என்றால் உள்ளே அத்தனை அடுக்கு இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது பலத்தைக் குறிக்கிற மதிப்பு மட்டும்தான், அடுக்கின் எண்ணிக்கை கிடையாது. அதனால் "பழசா இருந்தாலும் 16 பிளை" என்று சமாதானம் சொல்லிக்கொள்வதில் பிரயோஜனம் இல்லை.

ரீட்ரெட் பாவமா?

இல்லை. இங்கே நியாயமாகப் பேச வேண்டும். ரீட்ரெட் டயர் என்றாலே வெடிக்கும் என்பது மூடநம்பிக்கை. உலகம் முழுக்க லாரிகளும் பஸ்களும், ஏன் விமானங்களும்கூட, ரீட்ரெட் செய்த டயரில் ஓடுகின்றன. நம்ம எம்.ஆர்.எஃப். கம்பெனி 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்து ஆரம்பித்தது. 1952-ல் அது அடுத்து இறங்கிய தொழில் ரீட்ரெட்டுக்கான ரப்பர் தயாரிப்பு. முழு டயர் செய்ததெல்லாம் அதற்குப் பிறகு அறுபதுகளில்தான். நாமக்கல் லாரிக்காரர்களைக் கேட்டால் ரீட்ரெட் இல்லாமல் தொழிலே இல்லை என்பார்கள்.

ஆனால் அவர்கள் எதை ரீட்ரெட் செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். தன் லாரியில் ஓடிய, தனக்கு வரலாறு தெரிந்த, கேசிங் நன்றாக இருக்கிற டயரைத்தான். பழைய பட்டனைச் சீவி எடுத்து, உள்ளே வெட்டு, வெடிப்பு இருக்கிறதா என்று சோதித்து, புது ரப்பர் ஒட்டி, சூட்டில் வேக வைத்து எடுப்பார்கள். கேசிங் சரியில்லை என்றால் ஒதுக்கிவிடுவார்கள். அப்படி ஒதுக்கிய டயர் எங்கே போகிறது என்று நினைக்கிறீர்கள்? பாதி டிரெய்லருக்குத்தான்! லாரிக்காரன் "இது ரீட்ரெட்டுக்குக்கூட ஆகாது" என்று தள்ளியதை டிரெய்லர்காரர் காசு கொடுத்து வாங்குகிறார். பிரச்சினை ரீட்ரெட்டில் இல்லை. ரீட்ரெட்டுக்குக்கூட லாயக்கில்லாததை வாங்குவதில் இருக்கிறது.

ஒரே அச்சில் இடது பக்கம் நைலான், வலது பக்கம் ரேடியல் போடுவது இன்னொரு கூத்து. ரேடியலின் பக்கச்சுவர் இளக்கம், நைலான் விறைப்பு. ஒரே அளவு எழுதியிருந்தாலும் சுமை ஏறினால் இரண்டும் ஒரே மாதிரி அமுங்காது. ஒரு பக்கம் தாழும். தாழ்கிற பக்கம் சுமை இன்னும் சாயும். ஏற்கனவே உயரமாகக் கரும்பு ஏற்றிய வண்டிக்கு இதைவிட வேறு வினை வேண்டாம். ஜோடியாக மாற்றுங்கள். முடியவில்லை என்றால் வகையாவது, வயதாவது ஒத்துப் போகட்டும்.

டயரோடு சேர்ந்த சாமான்களையும் மறக்கக் கூடாது. பழைய டயரோடு பழைய ட்யூப், பழைய ஃப்ளாப், துருப்பிடித்த ரிம், நெளிந்த லாக் ரிங். லாக் ரிங் சரியாக உட்காராமல் காற்று அடித்தால் அது தெறித்து ஆளைக் கொன்றுவிடும். பஞ்சர் கடைப் பையனின் முகத்துக்கு நேராக நடக்கிற விபத்து இது. கூண்டுக்குள் வைத்தோ, குறைந்தபட்சம் சங்கிலி சுற்றியோ காற்று அடிக்கிற கடை எத்தனை? "சீக்கிரம் ஆகட்டும்ப்பா" என்று அவசரப்படுத்துகிற நாம்தான் அந்தப் பையனை ரிம்முக்கு முன்னால் உட்கார வைக்கிறோம்.

காசு எங்கே இருக்கு?

இதுதான் உண்மையான ஆட்சேபணை. இதைக் கிண்டல் செய்யக் கூடாது. கரும்புப் பணம் எப்போது வரும் என்று தெரியாமல் காத்திருக்கிற விவசாயிக்கு "புது டயர் வாங்கு" என்று உபதேசம் செய்வது சுலபம்.

ஆனாலும் கணக்கை முழுசாகப் போடுங்கள். ஒரு பேச்சுக்கு, பழசு 6,000 ரூபாய், புதுசு 20,000 ரூபாய். பழசு ஒரு சீசன், அதிர்ஷ்டம் இருந்தால் ஒன்றரை. புதுசு பராமரித்தால் ஐந்து சீசன். ஐந்து சீசனுக்குப் பழசு வாங்கினால் 30,000. இதில் நடுரோட்டில் வெடித்த நாளின் செலவு இன்னும் சேரவில்லை. லோடை இறக்கி வேறு வண்டிக்கு மாற்ற ஆள் கூலி, ஒரு நாள் டிராக்டர் வாடகை நஷ்டம், வளைந்த ரிம். கரும்பு என்றால் இன்னும் மோசம். வெட்டிய கரும்பு காயக் காய எடையும் குறையும், சர்க்கரைச் சத்தும் குறையும். "மலிவு" டயர் விவசாயியின் பையிலிருந்து இரண்டு தடவை எடுக்கிறது.

அதோடு டிரெய்லர்காரர் எல்லாரும் ஏழை விவசாயி கிடையாது. வாடகைக்கு நாலு வண்டி விடுகிறவர், மணல் ஜல்லி ஓட்டுகிறவர், தண்ணீர் வியாபாரம் செய்கிறவர் எல்லாரும் அதே குவியலில்தான் டயர் பொறுக்குகிறார்கள். அவர்களுக்கு "காசு இல்லை" என்கிற சமாதானம் பொருந்தாது. வாடகை பேசும்போது டயர் தேய்மானத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டியதுதானே? கரும்பு ஏற்றி வரச் சொல்கிறவர்களும் யோசிக்கலாம். எத்தனை டன் வந்தது என்று எடை மேடையில் துல்லியமாக எழுதத் தெரிகிறது. அந்த எடை எந்த டயரில் வந்தது என்று ஒரு நிமிஷம் குனிந்து பார்க்கத் தெரியாதா?

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் டயருக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ரொம்ப நல்லது. ஆனால் டிரெய்லரில் மாட்டுகிற லாரி வகை டயருக்கு 28 சதவீதம் 18 ஆனதோடு சரி. இழுக்கிற வண்டிக்கு 5, இழுபடுகிற வண்டிக்கு 18. அந்த டயர்கடை வசனத்தை டெல்லியிலும் யாரோ நம்புகிறார்கள் போல!

அதிக லோடுக்கு மட்டும் சட்டம் கடுமையாக இருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு 20,000 ரூபாய் அபராதம், கூடுதலாக ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவு சொல்கிறது. சந்தோஷம். ஆனால் லோடு சரியாக இருந்து டயர் 14 வயது என்றால் அந்த வண்டியை நிறுத்த அதே அதிகாரி கையில் என்ன இருக்கிறது? பத்து வயதுக்கு மேற்பட்ட டயரை லோடு வண்டியில் போடக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பழைய டயர் விற்கிற கடை பில்லில் தயாரிப்பு வாரத்தையும் வருஷத்தையும் எழுத வேண்டும் என்று இன்னொரு வரி. இந்த இரண்டு வரிக்கு எந்த ஆராய்ச்சிக் குழுவும் தேவையில்லை.

ஸ்டெப்னி என்று ஒன்று உண்டு

ஸ்டெப்னி என்கிற வார்த்தை எங்கிருந்து வந்தது தெரியுமா? வேல்ஸ் நாட்டில் லனெத்லி என்கிற ஊரில் ஸ்டெப்னி தெரு என்று ஒரு தெரு. 1904-ல் அங்கே டேவிஸ் என்கிற சகோதரர்கள் உதிரிச் சக்கரம் செய்து விற்க ஆரம்பித்தார்கள். தெருவின் பெயர் சக்கரத்துக்கு ஒட்டிக்கொண்டது. அங்கே மறந்துபோன அந்தப் பெயர் நம்ம ஊர் மெக்கானிக் வாயில் இன்னும் வாழ்கிறது. பெயர் வாழ்கிறது, டிரெய்லரில் பொருளைத்தான் காணோம்!

ஸ்டெப்னி இல்லாததால் என்ன நடக்கிறது? ராத்திரி பத்து மணிக்கு டயர் போகிறது. டிரைவர் டிரெய்லரை ரோட்டோரம் (பாதி ரோட்டில்) கழற்றி விட்டுவிட்டு டிராக்டரை மட்டும் எடுத்துக்கொண்டு ஆள் கூப்பிடப் போகிறார். பின்பக்கம் விளக்கு கிடையாது. ரிஃப்ளெக்டர் இருந்தாலும் கரும்புத் தோகை மூடியிருக்கும். இரண்டு பக்கமும் ரெண்டு கல்லும் ஒரு மரக்கிளையும் வைத்தால் அதுதான் எச்சரிக்கை. வேலை முடிந்து பைக்கில் வீடு திரும்புகிறவனுக்கு, எதிரே வருகிற லாரியின் வெளிச்சத்தில் அந்தக் கரும்புச் சுவர் தெரியவே தெரியாது. மறுநாள் பேப்பரில் "நின்றிருந்த டிராக்டர் மீது பைக் மோதி வாலிபர் பலி" என்று வரும். பைக்காரன் வேகமாக வந்தான் என்று ஊர் பேசும். ஏன் அந்த டிரெய்லர் அங்கே நின்றது என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். முந்தின மாசம் டயர் கடையில் மிச்சம் பிடித்த காசுக்கு அவன் விலை கொடுத்திருப்பான்.

அப்போ என்ன வாங்குவது?

கடைக்குப் போகுமுன் டிரெய்லரின் எடையையும் ஏற்றுகிற லோடையும் கூட்டி, டயர் எண்ணிக்கையால் வகுத்து, ஒரு டயருக்கு எத்தனை கிலோ என்று துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அதைவிடக் கொஞ்சம் அதிகம் தாங்குகிற குறியீடு உள்ள டயரைக் கேளுங்கள். புதுசு முடிந்தால் புதுசு. லாரி வகைப் புது டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால், வரலாறு தெரிந்த நல்ல கேசிங்கில் செய்த ரீட்ரெட். அதுவும் முடியாமல் பழசுதான் என்றால் ஆறு வயதுக்குள், புடைப்பும் வெடிப்பும் உள்ளே ஒட்டுப் போட்ட தடமும் இல்லாததாக, இரண்டு பக்கமும் ஒரே வகையாக. டயரைப் புரட்டி உள்பக்கம் டார்ச் அடித்துப் பார்க்கக் கடைக்காரர் விடவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். ட்யூபும் ஃப்ளாப்பும் புதுசாகப் போடுங்கள். ஸ்டெப்னி ஒன்று கட்டாயம்.

வாங்கிய பிறகு, லோடு ஏற்றுமுன் டயர் ஆறிய நிலையில் கேஜ் வைத்துக் காற்றுப் பார்க்க வேண்டும். உதைத்துப் பார்ப்பது செல்லாது. வழியில் டீ குடிக்க நிற்கும்போது ஒரு சுற்றுச் சுற்றி வந்து டயரைத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றதை விட அதிகமாகச் சுட்டால் அங்கே காற்று குறைந்திருக்கலாம், இல்லை பேரிங் போயிருக்கலாம். சீசன் முடிந்ததும் லோடை இறக்கி, அச்சுக்குக் கீழே கட்டை கொடுத்துத் தூக்கி நிறுத்தி, டயர் மேல் ஒரு பழைய சாக்கைப் போட்டு மூடுங்கள். பைசா செலவில்லை.

இழுக்கிற வண்டியில் உட்கார்ந்திருக்கிறவர் தன் உயிருக்காக நல்ல டயர் போட்டுக்கொள்கிறார். இழுபடுகிற வண்டியில் அவர் உட்காரப் போவதில்லை. அதன் பக்கத்தில் நடந்து போகிறவர்களும், பின்னால் பைக்கில் வருகிறவர்களும், லோடு மேல் உட்கார்ந்து வருகிற கூலி ஆட்களும்தான் அந்த டயரை நம்பியிருக்கிறார்கள். கடையில் அந்த டயரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர்களில் ஒருவர்கூடப் பக்கத்தில் நிற்பதில்லை. அதனால்தான் வாங்குகிறவர் அவர்களுக்கும் சேர்த்துப் பார்த்து வாங்க வேண்டியிருக்கிறது.